சுருக்குப்பை எங்க போச்சி? கதைக்குள்ள என்னென்ன இருக்குன்னு புதுசா எழுதுறவங்களுக்கு

எங்க தெருவுல, வடசென்னை தண்டையார்பேட்டையில, ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆனா பசங்க பத்து பன்னெண்டு பேரு ஒரு மொட்ட மாடியில பாய விரிச்சி ஒக்காருவாங்க. நைட் ஸ்டடின்னு பேரு. கணக்கு சொல்லிக் குடுக்க காலேஜ் படிக்கிற பொண்ணு ஒண்ணு வருது, கதை எழுதச் சொல்லிக் குடுக்குறது நான். பகல்ல மிண்ட் பக்கம் ஒரு பிரிண்டிங் ப்ரெஸ்ல வேல பாக்குறேன், ப்ரூஃப் பாத்துப் பாத்து, கெடைச்சதையெல்லாம் படிச்சி, அப்புறம் இந்தப் பசங்களோட ஒக்காந்து கத்துக்கிட்டதுதான் எனக்குத் தெரிஞ்சது. ஒரு கதைக்குள்ள என்னென்ன பாகம் இருக்கு, எது என்ன வேல செய்யுதுன்னு புதுசா எழுத வர்றவங்களுக்கு எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா ஆச. அதுக்கு ஏத்த மாதிரி ஜூன் மாசம் ஒரு விஷயம் நடந்துச்சி.

எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் படியேறி வரும்போதே கத்திக்கினு வந்தான், ணா, இன்னிக்கி காசிமேட்டாண்ட ஆயாவுக்கு இன்னா ஆச்சி தெரியுமா, ஆட்டோல போறோம், நான் தூங்கினு வரேன்... அப்படின்னு ஆரம்பிச்சி பத்து நிமிஷம் விடாம சொன்னான். அவன் ஆயா மீன் விக்கிறவங்க. கெழக்குக் கடக்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, மீனு முட்ட போட்டுப் பெருகுற காலம்னு தடை, அந்த ரெண்டு மாசமும் இவங்களுக்குக் கைல காசே நிக்காது. தடை முடிஞ்சி வந்த மொத ஞாயித்துக்கெழம கடன் குடுத்து வாசல்ல வந்து வசூல் பண்ற தண்டல்காரர்கிட்ட 3000 ரூபா வாங்கி, சுருக்குப்பையில போட்டு, விடியக்காத்தால மூணு மணிக்கு பேரனையும் இட்டுனு காசிமேட்டு மீன் துறைமுகத்துல நடக்குற ஏலத்துக்குப் போயிருக்காங்க. ஒரு கூட சங்கரா மீனு வெல படிஞ்சிடுச்சி. காசு எடுக்க இடுப்புல கைய வுட்டா சுருக்குப்பையக் காணோம். கூச்சல், கூட்டம், சண்ட. கடைசில பாத்தா இவன் டவுசர் பாக்கெட்டுலயே இருக்குது, ஆட்டோல நெருக்கியடிச்சி வரும்போது எவனாவது அடிச்சிடுவான்னு பயந்து ஆயாவே தூங்குற புள்ள பாக்கெட்டுல வச்சிட்டு மறந்துட்டாங்களாம். மாடில இருந்த அத்தினி பசங்களும் வாயப் பொளந்துகினு கேட்டாங்க, கடைசில ஒரே சிரிப்பு.

நான் ஒரு பேப்பரக் குடுத்து இதையே எழுதுடான்னு சொன்னேன். அர மணி நேரம் கழிச்சிக் குடுத்தான்:

"ஒரு அழகிய கிராமத்தில் ஒரு பாட்டி வாழ்ந்து வந்தாள். அவள் மிகவும் நல்லவள். ஒரு நாள் அவள் சந்தைக்குச் சென்றாள். அங்கே அவளது பணம் காணாமல் போனது. பின்னர் பணம் கிடைத்தது. அனைவரும் மகிழ்ச்சி அடைந்தனர். நீதி: பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்."

அதே பையன், அதே சம்பவம். வாயால சொல்லும்போது உசுரோட இருந்தது பேப்பருக்கு வந்ததும் செத்துப்போச்சி. எனக்கு இதப் பாத்தா மனசு கஷ்டமாயிடும், ஏன்னா கதைக்கு வேணும்னு பெரியவங்க சொல்ற ஒவ்வொரு பாகமும் அவன் வாயில ஏற்கனவே இருந்துச்சி, எழுத ஒக்காந்ததும் ஒண்ணொண்ணா கீழ போட்டுட்டான். கேரக்டர், களம், சிக்கல், ப்ளாட், கோணம்னு இதுக்கெல்லாம் பேரு வச்சிருக்கறதோட பிரயோஜனமே இதான், எது கீழ வுழுந்துச்சின்னு திரும்பிப் பாத்து எடுக்கலாம். அதனால இந்த ஒரே சம்பவத்த வச்சே எல்லாத்தையும் பாத்துடலாம்.

மொதல்ல கேரக்டர், பாத்திரம்னும் சொல்லலாம். "அவள் மிகவும் நல்லவள்" அப்படின்னா நமக்கு என்ன தெரியுது? ஒண்ணுமே தெரியல. நல்லவங்க ஊர்ல ஆயிரம் பேரு இருக்காங்க. ஒருத்தர நமக்குப் புடிச்சிப் போவணும்னா அவங்களுக்கு என்ன வேணும்னு தெரியணும், அது எவ்ளோ அவசரமா வேணும்னும் தெரியணும். ஆயாவுக்கு அன்னிக்கி ஒரு கூட மீனு வேணும், அத பொழுதுக்குள்ள வித்தாகணும், ஏன்னா சாயங்காலம் தண்டல்காரர் வாசல்ல வந்து நிப்பாரு, ரெண்டு மாசமா வாடிக்கக்காரங்க வேற எங்கயோ வாங்கப் பழகிட்டாங்க, அவங்களத் திருப்பி இஸ்துகினு வரணும். இவ்ளோ தெரிஞ்சா போதும், ஆயா இடுப்புல கை வைக்கும்போது நம்ம வயித்துலயும் பகீருங்குது. அவங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க.

அடுத்தது, ஆள் எப்படின்னு நாம சொல்றத விட அவங்க செய்யறதக் காட்டுறது. நான் பையன்கிட்ட கேட்டேன், ஆயா மீன எப்படிடா வாங்குவாங்கன்னு. ஒடனே எழுந்து நின்னு நடிச்சிக் காட்டினான். செவுளத் தூக்கி உள்ள செவப்பு எப்படி இருக்குதுன்னு பாப்பாங்களாம், அப்பால கட்ட வெரலால வயித்த ஒரு அழுத்து, குழி வுழுந்து அப்படியே நின்னா கூடையத் தள்ளி வுட்டுட்டு அடுத்த கூடைக்குப் போயிடுவாங்களாம், வெல கூட கேக்க மாட்டாங்களாம். இந்த ஒரு கட்ட வெரலு போதும். நாப்பது வருஷ அனுபவம், ஏமாற மாட்டாங்க, வாய் பேசாம முடிவெடுக்குற ஆளு, எல்லாம் அதுல வந்துடுச்சி. இங்கதான் பசங்களும் சரி பெரியவங்களும் சரி அவசரப்படுறாங்கன்னு எனக்குத் தோணுது, ஒரு செய்கையக் கவனிச்சி எழுதுறதுக்குப் பதிலா மூணு பட்டத்தக் குடுத்துட்டுப் போயிடுறாங்க.

பேரு வைக்கணுமான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சி. கட்டாயம் கெடையாது. தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு, அதாவது காதலப் பாடுற பாட்டுக்கு, ஒரு விதியே வச்சிருக்கு, ஆளோட பேரச் சுட்டிச் சொல்லக்கூடாதுன்னு. தலைவி, தோழி, தலைவன், செவிலி, அவ்ளோதான். பேரே இல்லாம அந்த மனுஷங்க இத்தன நூற்றாண்டா நம்ம கூட வராங்க. எங்க பையன் கதையிலயும் ஆயாவுக்குப் பேரு கெடையாது, ஆயாதான்.

அப்புறம் களம், அதாவது இடமும் நேரமும். "ஒரு அழகிய கிராமத்தில்". இந்தப் பையன் கிராமத்தையே பாத்ததில்ல. பொறந்ததுல இருந்து தெரிஞ்சது ரயில்வே கேட்டு, கன்டெய்னர் லாரி, கடலு. ஆனா கதைன்னா கிராமத்துலதான் நடக்கணும்னு யாரோ எப்பவோ மண்டையில ஏத்தி வச்சிட்டாங்க, வடசென்னையில பொறந்த புள்ளைக்கு தன் தெரு கதைக்கு லாயக்கில்லன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுதான் என்ன ரொம்ப உறுத்துது. நான் அவனக் கேட்டேன், காசிமேட்டுக்குள்ள நொழஞ்சதும் மொதல்ல எது தெரியும்? கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது ணா, கால்தான் சில்லுங்கும்னான். ஐஸ் தண்ணி தரை பூரா ஓடுமாம், செருப்புக்குள்ள ஏறி வெரலு மரத்துப் போவுமாம், அப்பால டீசலு வாசன, அப்பாலதான் மீன் வாசன. எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சி. ஒரு ஆளு அந்த எடத்துல உண்மையா நின்னாத்தான் இப்படி ஒரு வரி வரும்.

எடத்த வெறும் பின்னால தொங்கவுட்ட சீன் படுதாவா நெனைக்காதீங்க. தொல்காப்பியத்துல இதுக்குப் பேரே முதற்பொருள், நிலமும் பொழுதும். அது மேலதான் மத்ததெல்லாம் நிக்கும். அடுத்தது கருப்பொருள்னு வச்சாங்க, அந்த நிலத்துல இருக்குற தெய்வம், சாப்பாடு, மிருகம், மரம், பறவ, பறை, தொழில், யாழ் இதெல்லாம். மூணாவது உரிப்பொருள், அந்த நெலத்துக்குன்னே உரிய மனசு. கடலும் கடல் சார்ந்த எடமும் நெய்தல், அதுக்கு நேரம் எற்பாடு, பொழுது சாயுற நேரம், அதுக்கு உரிய மனசு இரங்கல், கடலுக்குப் போனவன் இன்னும் திரும்பலியேன்னு ஏங்குறது. நிலத்துக்கும் நேரத்துக்கும் மனசுக்கும் ஒரு கயிறு கட்டி வச்சிட்டுப் போயிருக்காங்க பாருங்க. காசிமேட்டுல கரையில ஒக்காந்துகினு படகு வருதான்னு பாக்குற பொம்பளைங்கள இன்னிக்கிப் பாத்தாலும் அந்தக் கயிறு அறுந்து போகலன்னு தெரியும். இதுல ஒண்ணு மட்டும் கவனிச்சிக்கோங்க, இப்ப நாம "கதையின் கருப்பொருள்"னு சொல்றது, அதாவது தீம், வேற, தொல்காப்பியத்துல வர்ற கருப்பொருள் வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது.

களம் என்ன வேல செய்யுதுன்னு தெரியணும்னா அத மாத்திப் பாருங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், நாளு மட்டும் ஜூன்லருந்து மே மாசத்துக்குப் போகட்டும். தடைக்காலம், வெறும் ஃபைபர் படகு மீனுதான் வரும், கூட்டம் இருக்காது, ஆயா தண்டல் வாங்கியே இருக்க மாட்டாங்க. கதையே கெடையாது. அதே கரை, அதே ஞாயித்துக்கெழம, ஆனா தேதி சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, நேரம் காலைல ஒன்பது மணி வாக்குலன்னு வையுங்க. அப்ப 3000 ரூபாயப் பத்தி யாரு நெனைப்பா, அந்தப் புள்ள கையப் புடிச்சிட்டு ஓடுனாங்களா இல்லையான்னுதான் கேப்போம். தேதியும் நேரமும் மாறினதுக்கே கதை மொத்தமா வேற ஆயிடுச்சி.

இப்ப சிக்கல். கான்ஃப்ளிக்ட்டு, முரண், மோதல்னு பல பேரு இருக்கு, எனக்கு சிக்கல்ங்குற வார்த்ததான் புடிக்கும், வலையில வுழுற சிக்கு மாதிரி, ஒரு எடத்த இஸ்தா இன்னொரு எடம் இறுகும். ஒருத்தருக்கு ஒண்ணு வேணும், நடுவுல ஒண்ணு நிக்குது, அதான் சிக்கல். ஆயாவுக்கு மீனு வேணும், காசக் காணோம். இது வெளிய இருக்குற சிக்கல். அந்தப் பையன் மாடில சொன்ன கதையில இது மட்டுந்தான் இருந்துச்சி, சிரிச்சி முடிச்சிட்டோம்.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சி. எல்லாரும் கெளம்பின பின்னாடி அவன நிறுத்திக் கேட்டேன், ஏண்டா, பாக்கெட்டுல சுருக்குப்பை இருக்குதுன்னு ஒனக்கு எப்ப தெரிஞ்சிது? அவன் கொஞ்ச நேரம் பேசல. பாயச் சுருட்டிக்கினே இருந்தான். அப்புறம் சொன்னான்.

"ஒடனே தெரிஞ்சிடுச்சி ணா. ஆயா காணோம்னு சொன்னப்பவே கைய வச்சிப் பாத்தேன். ஆனா அதுக்குள்ள பக்கத்துல கூட வச்சினு இருந்த யக்காவ ஆயா கேட்டுட்டாங்க. எல்லாரும் பாக்குறாங்க. நான் எட்த்து குட்த்தா ஆயாவுக்கு அசிங்கமாப்பூடும்ல."

அந்தப் பொம்பளையும் சும்மா இருக்கல. நான் எடுக்கலன்னு கத்தியிருக்காங்க, யாரும் நம்பல, சட்டுனு இந்தப் பையன் தல மேல கைய வச்சி, "இந்தப் புள்ள தல மேல அடிச்சி சொல்றன், நான் எடுக்கல"ன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க.

அந்தக் காட்சியக் கொஞ்சம் நெனச்சிப் பாருங்க. மீன் ஈரத்தோட ஒரு கை தல மேல இருக்குது, சத்தியம் பண்ற ஆளு சொல்றது நெஜம்னு அந்தக் கூட்டத்துலயே தெரிஞ்ச ஒரே ஆளு இவன், சுருக்குப்பை இவன் தொடைல ஒட்டிக்கினு இருக்குது, வாயத் தொறந்தா ஆயா மானம் போவும், தொறக்கலன்னா ஒண்ணும் செய்யாத ஒரு பொம்பள திருடியாயிடுவாங்க. ஆயாவுக்கு இருக்குற சிக்கல் காசு கெடைச்சா தீந்துடும், இவனுக்கு இருக்குற சிக்கல் எந்தப் பக்கம் போனாலும் யாரையாவது கடிக்கும். ஒரு கதைய ஆழமாக்குறது இந்த உள்ள இருக்குற சிக்கல்தான். மாடில சிரிப்புக் கதையா சொன்னப்ப இத அவன் முழுங்கிட்டான், முழுங்கினதுதான் கதை. எழுத ஒக்காருறவங்க எல்லாருக்கும் நான் இதத்தான் சொல்லுவேன், சொல்லும்போது எந்த எடத்துல வாய் நிக்குதோ, எத விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவுறீங்களோ, அங்க திரும்பிப் போங்க.

ப்ளாட்டுன்னு சொல்றாங்களே, கதைப்பின்னல், அதப் பத்தி ஈ.எம்.ஃபார்ஸ்டர்னு ஒரு இங்கிலாந்து எழுத்தாளர் 1927ல சொன்ன உதாரணம் ரொம்பப் பிரபலம். ராஜா செத்தாரு, அப்புறம் ராணி செத்தாங்க, இது வெறும் கதை. ராஜா செத்தாரு, அந்த துக்கத்துல ராணி செத்தாங்க, இது ப்ளாட். நடுவுல ஒரு காரணம் வந்துடுச்சி. அரிஸ்டாட்டில் 2300 வருஷத்துக்கு முன்னாடியே இதச் சொல்லிட்டாரு, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு நடக்குறது வேற, ஒண்ணால ஒண்ணு நடக்குறது வேறன்னு. பையன் எழுதுன பேப்பர எடுத்துப் பாருங்க: பணம் காணாமல் போனது, பின்னர் பணம் கிடைத்தது. "பின்னர்". அந்த ஒரு வார்த்தைலதான் கதை ஒடைஞ்சி கெடக்குது. நடந்தத காரணத்தோட கோத்துப் பாத்தா, தடைக்காலத்தால கடன், கடனால பயம், பயத்தால சுருக்குப்பைய புள்ள பாக்கெட்டுல ஒளிச்சாங்க, தூக்கக் கலக்கத்துல மறந்தாங்க, மறந்ததால பக்கத்துல இருந்த பொம்பள மேல சந்தேகம், அதால சத்தியம். எந்தக் கண்ணிய எடுத்தாலும் மீதி வுழுந்துடும். நீங்க எழுதுன கதையில ரெண்டு சம்பவத்துக்கு நடுவுல "அதனால"ன்னோ "ஆனா"ன்னோ போட்டுப் பாருங்க. "அப்புறம்" மட்டுந்தான் பொருந்துதுன்னா அங்க கோத்தது அவுந்து கெடக்குதுன்னு அர்த்தம்.

அடுத்த விஷயம் வரிசை. நடந்த வரிசை ஒண்ணு, சொல்ற வரிசை வேற ஒண்ணு, இது ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு யாரும் சட்டம் போடல. இவன் மாடில சொல்லும்போது பாக்கெட் விஷயத்தக் கடைசி வரைக்கும் மறைச்சான், அதனால கடைசில நமக்கு அட டான்னு ஒரு ஆச்சரியம், சிரிச்சோம். இப்ப அதையே மாத்தி, மொதல் வரிலயே "சுருக்குப்பை என் பாக்கெட்டுலதான் இருந்துச்சி"ன்னு ஆரம்பிச்சா? ஆச்சரியம் போச்சி. ஆனா அதுக்குப் பதிலா வேற ஒண்ணு கெடைக்குது. ஆயா ஒவ்வொரு தடவ கத்தும்போதும், அந்தப் பொம்பள ஒவ்வொரு தடவ மறுக்கும்போதும் நம்ம கண்ணு அந்தப் பாக்கெட்டு மேலயே இருக்கும், எப்பட்றா சொல்லப் போறன்னு நமக்கு மூச்சு முட்டும். ஆச்சரியம் ஒரு நொடிதான், தவிப்பு பத்து நிமிஷம் நிக்கும். இந்தக் கதைக்கு ரெண்டாவது வரிசதான் சரின்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா இது காசு கெடைச்ச கதை கெடையாது, வாயத் தொறக்க முடியாத கதை. திருட்டுப் போன நகையக் கண்டுபுடிக்கிற கதைன்னா மறைச்சி வைக்கிறதுதான் சரியா இருக்கும்.

யாரு சொல்றாங்கங்குறது அதுக்கு மேல. பார்வைக் கோணம்னு புத்தகத்துல போடுவாங்க. நம்ம அகப்பாட்டுல இதுக்கு அழகான ஒரு வார்த்த இருக்கு, கூற்று. ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில இது தலைவி கூற்று, இது தோழி கூற்று, இது செவிலி கூற்றுன்னு குறிச்சிருப்பாங்க. எழுதுன புலவர் தன் கொரல்ல உள்ள வரவே மாட்டாரு, யாரோ ஒருத்தர் வாயிலதான் பாட்டு வரும். பொண்ணு ஒருத்தி காதலிச்சவனோட போயிட்டாங்குறத அவ சொன்னா ஒரு மாதிரி, வளத்த செவிலித்தாய் காலி வூட்ட பாத்துக்கினு சொன்னா நெஞ்சு வெடிக்கிற மாதிரி. அதே சம்பவம்தான்.

நம்ம காசிமேட்டுக் கதைய ஆயா கூற்றா எழுதுங்க, அது 3000 ரூபா போன கதை, பாக்கெட்டப் பத்தி அவங்களுக்குத் தெரியாது, அதனால படிக்கிறவங்களுக்கும் தெரியக்கூடாது. பக்கத்துல இருந்த பொம்பள கூற்றா எழுதினா, இருவது வருஷமா பக்கத்துல ஒக்காந்து வியாபாரம் பண்ணவங்க இப்படிக் கேட்டுட்டாங்களேங்குற கதை, எனக்கு இதத்தான் ஒரு நாள் யாராவது எழுதணும்னு ஆச. ஏலம் வுடுறவரு பார்வைல, நேரம் போவுது, ஐஸ் உருகுது, அடுத்த கூடைய எடுக்கணும், அவ்ளோதான். பையன் கூற்று மட்டுந்தான் எல்லாத்தையும் ஒரே எடத்துல புடிச்சி வச்சிருக்கு. மனுஷனே சொல்லணும்னும் இல்ல. வ.வே.சு. ஐயர் 1915ல எழுதுன குளத்தங்கரை அரசமரம், தமிழ்ச் சிறுகதைக்கு ஆரம்பம்னு பல பேரு சொல்றது, அதுல கதை சொல்றதே அந்த அரசமரந்தான். கரையில நின்ன மரம் எதெது பாத்திருக்குமோ, எதெது காதுல வுழுந்திருக்குமோ, அத வச்சி அது சொல்லும். யாரு சொல்றாங்கன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா அவங்களுக்குத் தெரியாதத எழுதக்கூடாது, இத மட்டும் கெட்டியாப் புடிச்சிக்கோங்க. புதுசா எழுதுறவங்க நெறய பேரு சறுக்குறது இங்கதான், பையன் சொல்ற கதையில நடுவுல "அவள் மனதிற்குள் நினைத்தாள்"னு வரும், அவ மனசுக்குள்ள இவன் எப்படிப் போனான்?

பேச்சு, அதாவது டயலாக். பையன் ரெண்டாவது தடவ எழுதும்போது "நீ என் பணத்தைத் திருடினாயா என்று பாட்டி கேட்டாள்"னு எழுதியிருந்தான். ஆயா உண்மைல எப்படிக் கேட்டாங்கன்னு கேட்டேன். திருடுனன்னு அவங்க சொல்லவே இல்ல ணா, "நீதான இத்தினி நேரம் என் இடுப்பாண்ட ஒட்டிக்கினு இருந்த"ன்னு மட்டும் கேட்டாங்கன்னான். எவ்ளோ பெரிய வித்தியாசம்! திருட்டுங்குற வார்த்தையே வரல, ஆனா அங்க நின்ன எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சி, அந்தப் பொம்பளைக்கு நல்லா சுருக்குனு புரிஞ்சிடுச்சி. ஜனங்க மனசுல இருக்குறத அப்படியே கொட்ட மாட்டாங்க, பக்கத்துல எதையாவது சொல்லுவாங்க, அதுலயே எல்லாம் வந்துடும். பேச்ச எழுதும்போது கண்ண மூடி அந்தக் கொரலக் கேளுங்க, இந்த மனுஷி "திருடினாயா"ன்னு சொல்லுவாங்களான்னு. நம்ம பாஷைய எழுதக் கூச்சப்படாதீங்க. ஆண்ட, அப்பால, இட்டுனு, இஸ்துகினு, இதெல்லாம் தப்புத் தமிழ்னு சொல்லி அடக்கி வச்சா ஆயா பேசவே மாட்டாங்க, பாடப் புஸ்தகந்தான் பேசும்.

நடைக்கும் தொனிக்கும் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கிறதில்ல, மேல சொன்னதெல்லாம் சரியா அமைஞ்சா அது தானா வந்து ஒக்காந்துடும். ஒண்ணே ஒண்ணு, அதே கதைய அவன் கூட்டத்துல சிரிப்பா சொன்னான், என்கிட்ட தனியா மெதுவா சொன்னான், அந்த ரெண்டுக்கும் நடுவுல மாறினதுதான் தொனி.

கரு, தீம்னு சொல்றது. "நீதி: பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்." எல்லாப் பசங்க பேப்பர்லயும் கடைசி வரி இப்படித்தான் முடியும், அவங்க மேல தப்பு இல்ல, அப்படித்தான் பழக்கி வச்சிருக்கோம். நீதிங்குறது கதை முடிஞ்ச பின்னாடி மேல ஒட்டுற ஸ்டிக்கரு. கருங்குறது உள்ள ஓடுற கேள்வி. நம்ம ஆளுங்க மானத்தக் காப்பாத்த அடுத்தவங்க மானத்த எவ்ளோ தூரம் விட்டுக் குடுப்போம்? அந்தப் பையன் தலையில கை இருந்தப்ப அவனுக்குள்ள ஓடுனது இந்தக் கேள்விதான், அவனுக்கு அப்ப இவ்ளோ வார்த்தையெல்லாம் கெடையாது. கதை அந்தக் கேள்விய நம்மகிட்ட குடுத்தா போதும், பதில எழுதித் தரணும்னு இல்ல. எழுத ஆரம்பிக்கும்போதே கருவத் தேடாதீங்க, சிக்கலச் சரியா புடிச்சா கரு அது கூடவே வந்துடும்.

முடிவு எப்படி வைக்கிறதுன்னுதான் அவனும் நானும் ரொம்ப நாளு பேசினோம். நெஜத்துல என்ன நடந்துச்சின்னா, சத்தியம் பண்ணி முடிச்சதும் இவன் குனிஞ்சி செருப்ப சரி பண்ற மாதிரி சுருக்குப்பைய மெதுவா அன்னக்கூடைக்கு அடியில நழுவ வுட்டுட்டு, "தோ, கீய கெடக்குது ஆயா"ன்னு சொல்லியிருக்கான். கூட்டம் கலைஞ்சிடுச்சி. ஆயா சுருக்குப்பைய எடுத்தாங்க, இவன ஒரு தரம் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. காசக் குடுத்துட்டு கூடையிலருந்து ரெண்டு சங்கராவ எடுத்து அந்தப் பொம்பள கூடையில போட்டாங்க. அவங்களும் ஒண்ணும் சொல்லல. திரும்பி வரும்போது ஆட்டோல ஆயா மீதிக் காசச் சுருக்குப்பையில போட்டு, இழுத்துக் கட்டி, முழிச்சினு ஒக்காந்திருந்த இவன் டவுசர் பாக்கெட்டுலயே திரும்பவும் வச்சாங்களாம்.

மொத தடவ அவன் எழுதுன முடிவு என்ன, "அனைவரும் மகிழ்ச்சி அடைந்தனர்". அதுக்கும் இந்த பாக்கெட்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் பாருங்க. ஆயாவுக்குத் தெரிஞ்சிடுச்சான்னு கதை சொல்லாது, மன்னிப்புக் கேட்டாங்கன்னு சொல்லாது, ரெண்டு மீனும் ஒரு கையும் மட்டுந்தான். நல்ல முடிவு ஆரம்பத்துல இருந்த பொருளையே திரும்பக் கொண்டாந்து வைக்கும், அதே பாக்கெட்டு, ஆனா இப்ப அதுல கனம் வேற. அவன்கிட்ட நான், இதுக்கு மேல ஒரு வரி கூட எழுதாதடான்னு சொன்னேன்.

நாலு தடவ எழுதினான். நாலாவது தடவ "கால் சில்லுனு இருந்துச்சி"ன்னு ஆரம்பிச்சி, ரெண்டாவது வரிலயே பாக்கெட்டுல சுருக்குப்பை இருக்குறத சொல்லிட்டான். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதுனத அவங்களுக்குப் படிச்சிக் காட்டலாமா ணான்னு என்னக் கேட்டான், பயம் அவனுக்கு. அது நீ முடிவு பண்ண வேண்டியதுன்னுட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம வந்தான். அரிவாமனைல மீன் ஆய்ஞ்சிக்கினே முழுசாக் கேட்டாங்களாம், நடுவுல ஒரு தரம் கை நின்னுச்சாம். முடிஞ்சதும் என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்.

"ரெண்டு இல்லடா, மூணு சங்கரா குட்த்தேன்னாங்க ணா."

பேனா வாங்கி ரெண்ட அடிச்சிட்டு மூணுன்னு எழுதினான்.